தலைமாட்டுத் தகடு

தைலம்மாள் கட்டிலில் ஏற மாட்டேன் என்றாள்.

சொன்னது மெதுவாகத்தான். ஆனால் அவள் மெதுவாகச் சொன்னால் அது பாறை என்று சடையனுக்குத் தெரியும். நாற்பத்தாறு வருஷம் அந்தப் பாறையோடு குடித்தனம் நடத்தியவர் அவர்.

கட்டிலுக்கு ஒரு குறையும் இல்லை. இரும்புக் கட்டில், நல்ல மெத்தை, துவைத்த விரிப்பு, கால் பக்கத்தை உயர்த்தச் சுற்றுகிற ஒரு கைப்பிடி. ஜன்னல் ஓரம். மேலே ஃபேன். குறை தலைமாட்டில் இருந்தது. தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவில் ஒன்றரை அடிக்கு ஒரு தகரத் தகட்டைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். தகட்டில் கலர் படம். சந்தனப் பொட்டும் நரைத்த மீசையுமாக ஒரு பெரிய மனிதர். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு குத்துவிளக்கு, அந்தப் பக்கம் ஒரு குத்துவிளக்கு. கழுத்தில் அச்சிலேயே போட்ட ரோஜா மாலை. கீழே தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி.

தைலம்மாளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தெரியவும் வேண்டாம். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிற வழியெல்லாம் பஸ் நிற்கிற சுவர்களில் ஒட்டியிருப்பது இதே விளக்கும் இதே மாலையும்தானே. விளக்கும் மாலையும் இருந்தால் ஆள் இல்லை. இதற்குப் படிப்பு எதற்கு?

"செத்தவன் தலைமாட்டுல நிக்கறான். அவன் காலடியில என்னைப் படுக்கச் சொல்றியா?" என்றாள்.

"அது படம்டி."

"படந்தான். அவன் எங்க நிக்கறான் பாரு. பொணத்துக்கு விளக்கு வெக்கிற எடத்துல நிக்கறான். இந்தக் காலு சரியாவாதுன்னு இவங்களே முடிவு பண்ணி, விளக்க ஏத்தி வெச்சிட்டாங்க."

சடையனுக்குப் பயம் இல்லை. அவருக்கு வந்தது கோபம். ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததிலிருந்தே வந்துகொண்டிருந்த கோபம்தான், இப்போது உட்கார ஓர் இடம் கிடைத்துவிட்டது.

காலில் குத்தியது மரவள்ளிக் கட்டை. கிழங்கு பிடுங்கிய கொல்லையில் நடந்தபோது பாதத்தின் ஓரத்தில் குத்தி ஏறிவிட்டது. தைலம்மாள் மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் திரிந்தாள். சர்க்கரை இருந்ததும் அவளுக்குத் தெரியாது. சுண்டுவிரல் கறுத்து, நாற்றம் வந்த பிறகுதான் சடையன் பார்த்தார். திட்டுத்திட்டென்று திட்டி, பஸ் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்.

அது கள்ளக்குறிச்சி வியாபாரிகள் சேர்ந்து வைத்திருந்த தர்ம ஆஸ்பத்திரி. சங்க ஆஸ்பத்திரி என்பார்கள். கட்டிலுக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. காலையில் கஞ்சி, மத்தியானம் சோறு, கூட வந்தவர்களுக்கும் உண்டு. கூட வந்தவர்கள் படுக்கப் பின்னால் ஒரு கொட்டகை. இதையெல்லாம் கேட்டதுமே சடையனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. மலைக்கு மேலே சும்மா கொடுக்கிறேன் என்று வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர். ஒவ்வொருவனும் எதையாவது எடுத்துக்கொண்டுதான் இறங்கிப் போனான்.

"இவனுங்க இன்னா எடுப்பானுங்கன்னு தெரியல. ஆனா எடுப்பானுங்க" என்று பஸ்ஸிலேயே சொன்னார்.

டாக்டர் தமிழழகன் சின்ன வயசுக்காரர். காலைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "பத்து நாள் காலத் தூக்கி வெச்சுப் படுக்கணும். ஊசி போடுவோம், தினம் கட்டு மாத்துவோம். கணுக்காலத் தாண்டி ஏறிடுச்சின்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். தரையில கால் படவே கூடாது."

தரையில் கால் படக் கூடாது என்று சொன்ன ஆஸ்பத்திரியில்தான் தைலம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் இசைவாணி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னா பாட்டிம்மா, ஒன்பதாம் கட்டில் உங்களுதுதானே? கீழ இன்னா வேலை?"

"அந்தாளக் கழட்டு, ஏறிக்கறேன்."

"எந்தாள?"

சடையன் தகட்டைக் காட்டினார். இசைவாணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அது கட்டில் குடுத்தவங்க அப்பா. கண்ணாயிரம் ஐயா. ஜவ்வரிசி ஆலைக்காரங்க. எல்லாக் கட்டில்லயும் ஒருத்தர் இருக்காருல்ல?"

சடையன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பெண்கள் பகுதியில் பத்துக் கட்டில். பத்துத் தலைமாட்டிலும் பத்துப் படம். சிலர் ஆண்கள், இரண்டு கிழவிகள், கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண்ணும் இருந்தாள். பத்துப் பேருக்கும் விளக்கு, பத்துப் பேருக்கும் மாலை. கீழே ஒன்பது நோயாளிகள் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள்.

"இது ஆஸ்பத்திரியா, சுடுகாடா?" என்றார் சடையன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"மெதுவாப் பேசுங்க தாத்தா."

"மெதுவாப் பேசுனா கழட்டிடுவியா?"

கழட்ட முடியாது என்றாள். வேறு கட்டிலும் இல்லை என்றாள். சடையன் தன் துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டார். தைலம்மாள் அதைப் பார்த்து இன்னும் தள்ளி உட்கார்ந்தாள்.

"முகத்த மூடிட்டியா? இப்பத்தான் நெசமாவே பொணம்."

கட்டிலைத் திருப்பிப் போடலாம் என்று பார்த்தார். அப்படிப் போட்டால் படத்தில் இருப்பவர் கால்மாட்டுக்கு வந்துவிடுவார், அவரை நோக்கிக் காலை நீட்ட வேண்டும், செத்த பெரிய மனிதனுக்கு அது அவமரியாதை, அவன் சும்மா விடுவானா என்றாள் தைலம்மாள். கடைசியில் ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டி, தரையில் பாயைப் போட்டு அவளைப் படுக்க வைத்தார்கள். அன்றைக்கு இரண்டு தரம் தரை துடைத்தார்கள். இரண்டு தரமும் ஈரம் பாய்வரைக்கும் வந்தது.

மறுநாள் காலையில் கஞ்சி வாளியோடு காஜா மைதீன் வந்தார். பாத்திரக்கடை வைத்திருப்பவர், சங்கத்தின் செயலாளர். கஞ்சியை அவரே ஊற்றுவார், ஆள் வைத்து ஊற்ற மாட்டார். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகருவார். ஒன்பதாம் கட்டிலுக்கு வந்ததும் கீழே குனிந்து பார்த்தார்.

"பெரியவரே, மெத்தை வாங்கிப் போட்டது கட்டில் படுத்துக்கறதுக்கா?"

"கட்டில் காலி இல்ல பாய். மேல ஆளு இருக்கான்."

காஜா மைதீனுக்குப் புரிந்துவிட்டது. இசைவாணி முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். தலையைச் சொறிந்தார்.

"உங்க அப்பா படம் எதுல இருக்கு?" என்று கேட்டார் சடையன்.

"எங்கள்ல படம் வெக்கிற வழக்கம் இல்ல. நாங்க குடுத்த நாலு கட்டில்லயும் ஒண்ணும் இருக்காது."

"அதுல ஒண்ணக் குடு."

"நாலும் ஆம்பிளைங்க பக்கம். நாலுலயும் ஆளு படுத்துக்கினு இருக்கு. ஒருத்தருக்கு இடுப்பெலும்பு. அவரத் தூக்கி இங்க போடட்டுமா?"

"அப்ப இவனக் கழட்டு."

காஜா மைதீன் வாளியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெரியவரே, நான் சொல்றதக் கேளுங்க. இந்த ஊர்ல கட்டில் வாங்கிக் குடுன்னு கேட்டா எவனும் குடுக்க மாட்டான். உங்கப்பா பேர்ல கட்டில்னு சொன்னா ஓடியாந்து குடுக்கறான். தகடு இருந்தாத்தான் கட்டில். வருஷாவருஷம் அந்த நாள்ல வந்து பாப்பாங்க. வர்ற சனிக்கிழமை இவருக்குத் திதி. குடும்பத்தோட வருவாங்க, எல்லாருக்கும் ரொட்டி பழம் குடுப்பாங்க. தகடு இல்லைன்னா இன்னா ஆவும்? அடுத்த கட்டில் வராது. இவங்கள மாதிரி இன்னொரு அம்மா வெளிய நிப்பாங்க."

சடையனுக்கு அது நியாயமாகப் படவில்லை. பொய்யாகவும் படவில்லை. அதனால் கோபம் ஜாஸ்தியானது.

"அப்போ எனக்காகப் போட்ட கட்டில் இல்ல. அவனுக்காகப் போட்டது. நாங்க பூசைக்கு வெச்ச வாழைப்பழம்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"உன் கஞ்சியும் வேணாம், எடுத்துக்கினு போ."

காஜா மைதீன் கஞ்சியை ஊற்றி, கரண்டியைப் போட்டு, பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போனார்.

புதன்கிழமை காலையில் தைலம்மாளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டர் கட்டைப் பிரித்தார், மூடினார், எழுந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

"செவப்பு ஏறுது. நேத்து இங்க இருந்துச்சு, இன்னைக்கு இங்க." விரலால் காட்டினார். "தரையில ஈரத்துல கெடந்தா என் மருந்து வேலை செய்யாது. சனிக்கிழமை பாப்பேன். எறங்கலைன்னா காலை எடுக்கறதுதான். படத்துக்குப் பயந்துக்கினு கால விடுவீங்களா?"

சடையன் டாக்டரின் முகத்துக்கு நேராகவே கேட்டார். "நீ படுப்பியா?"

"இன்னா?"

"அந்தப் படத்துக்குக் கீழ, ராத்திரி முழுக்க, காய்ச்சலோட. நீ படுப்பியா சாரே?"

டாக்டர் தகட்டைப் பார்த்தார். படுப்பேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சீட்டில் எதையோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"ஒரு மணி பஸ்ஸுக்குக் கெளம்பு" என்றாள் தைலம்மாள் கண்ணைத் திறக்காமல். "செத்தா மலையில சாவறேன். இங்க செத்தேன்னா என்னையும் தகட்டுல அடிச்சு எவளாவது ஒருத்தி தலையில மாட்டுவானுங்க."

மலைக்குத் திரும்பிப் போனால் அவள் கால் போகும், உயிரும் போகலாம். போகாவிட்டாலும் தரையில் கால் போகும். சடையன் ஒரு நிமிஷம்தான் யோசித்தார். தட்டில் கிடந்த கஞ்சிக் கரண்டியை எடுத்தார். எவர்சில்வர் கரண்டி, காம்பு முனை தட்டை. நாலு திருகாணி. முதல் திருகாணி லேசாகச் சுற்றி வந்தது. இரண்டாவது துருப்பிடித்திருந்தது, கரண்டிக் காம்பு வளைந்துபோனது, இன்னொரு கரண்டியை எடுத்துக்கொண்டார். மூன்றாவதற்கு விரலில் ரத்தம். பட்டப்பகல், பார்க்க வருகிறவர்கள் வரும் நேரம். எல்லாரும் பார்த்தார்கள். ஆறாம் கட்டில்காரி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தகடு கையோடு வந்தது. வெறும் கம்பி. கம்பிக்கு அப்பால் சுவர்.

"ஏறு" என்றார்.

தைலம்மாள் பார்த்தாள். கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். ஏறிப் படுத்தாள். இசைவாணி எங்கிருந்தோ ஓடிவந்து கைப்பிடியைச் சுற்றிக் காலை உயர்த்தினாள். அதுவரைக்கும் அவள் எங்கே இருந்தாள் என்று சடையன் கேட்கவில்லை. மூன்று நாளில் முதல் தரமாகத் தைலம்மாள் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

சடையன் தகட்டைக் காஜா மைதீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதை வாங்கிச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்.

"பெரியவரே, நான் பாக்கல. நீங்க கழட்டல. ஆணி துருப்புடிச்சுத் தானா விழுந்திடுச்சு. யாரு கேட்டாலும் அப்படிச் சொல்லுங்க."

"நான்தான் கழட்டுனேன். ஏன் பொய் சொல்லணும்?"

"அல்லாவே" என்று காஜா மைதீன் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். முன்னால் ராஜாங்கம், கண்ணாயிரத்தின் மகன், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவருக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா கொளஞ்சியம்மாள், கையில் சாமந்தி மாலை. பின்னால் உறவுக்காரர்கள், ரொட்டிக் கூடை, ஆப்பிள் கூடை, போட்டோ எடுக்கிறவர் ஒருத்தர். நேராக ஒன்பதாம் கட்டிலுக்கு வந்தார்கள். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார், இறக்கினார்.

"அப்பா எங்க?" என்றார் ராஜாங்கம்.

"அது வந்து, ஆணி துரு..." என்று காஜா மைதீன் ஆரம்பித்தார்.

"நான்தான் கழட்டுனேன்" என்றார் சடையன்.

ராஜாங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார். அழுக்கு வேட்டி, வெறும் கால், தோளில் துண்டு.

"நீ யாருய்யா?"

"இவ புருஷன்."

"எங்கப்பா உனக்கு இன்னா பண்ணாரு? பொறந்த ஊருக்கு நல்லது பண்ண மனுஷன்யா அவரு. அவரு பேர்ல குடுத்த கட்டில்ல படுத்துக்கினு, அவரையே கழட்டிக் கடாசுனியா?"

"கடாசல. பாய் கையில குடுத்தேன். உங்கப்பன் நல்லவனாவே இருக்கட்டும். செத்தவன சீக்காளி தலைமாட்டுல நிக்க வெப்பாங்களா? எம் பொண்டாட்டி மூணு நாளு தரையில கெடந்தா. கால எடுக்கறேன்னு சொல்ற வரைக்கும் போச்சு. உனக்குத் தெரியுமா அது?"

"ஓசியில படுக்கறதுக்கு இந்தத் திமிரா? காஜா பாய், கட்டில் எங்களுது. எறங்கச் சொல்லுங்க. வேனைக் கூப்பிட்டுத் தூக்கிக்கினு போறேன்."

"ராஜாங்கம், நோயாளி படுத்துக்கினு இருக்காங்க. டாக்டரு வர்ற நேரம்."

"எறங்கச் சொல்லுங்க."

தைலம்மாள் உயர்த்தி வைத்த காலோடு அப்படியே கிடந்தாள். ஒரு கை மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது. சடையன் கட்டிலுக்கும் ராஜாங்கத்துக்கும் நடுவில் வந்து நின்றார்.

"தர்மம் பண்ணது ஊருக்குத் தெரியணும், அதானே? தெரியட்டும். நான் வேணாம்னு சொல்லல. ஆனா கட்டில் வாங்குனது உங்கப்பனா? அவன் செத்த பின்னாடி நீதானே வாங்குன? அப்ப உன் படத்தப் போடு. நல்லா பெருசாப் போடு. விளக்கு வெச்சு, மாலை போட்டு, அதே எடத்துல மாட்டு. இதோ போட்டோ எடுக்கறவரே நிக்கறாரு. எம் பொண்டாட்டி படுத்துக்குவா. உசுரோட இருக்கறவன்னா அவளுக்குப் பயம் இல்ல."

"படுத்துக்கறேன்" என்றாள் தைலம்மாள்.

ராஜாங்கம் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் கொளஞ்சியம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம். வேணாம் ராஜா. இன்னா பேச்சு இது? எம் புள்ள படத்துக்கு மாலை போட்டு சீக்காளி கட்டில்ல மாட்டுறதா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜாங்கத்துக்குக் காது சிவந்தது. ஆறாம் கட்டிலில் யாரோ இருமுகிற மாதிரி சிரித்தார்கள்.

"உம் புள்ளைக்கு ஆவாதுன்னா எம் பொண்டாட்டிக்கு மட்டும் ஆவுமா?" என்றார் சடையன். இதை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

ராஜாங்கம் யாரையும் பார்க்காமல், "வாங்க போலாம்" என்று வெளியே நடந்தார். உறவுக்காரர்கள் கூடைகளை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் போனார்கள். போட்டோக்காரருக்குத்தான் இருப்பதா போவதா என்று தெரியவில்லை, கடைசியில் போனார். கொளஞ்சியம்மாள் போகவில்லை. காஜா மைதீன் பக்கம் திரும்பினாள்.

"எங்க வெச்சிருக்க அவர?"

காஜா மைதீன் சாமான் அறையைத் திறந்து தகட்டை எடுத்துவந்து கொடுத்தார். அவள் முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தாள்.

"இந்த மனுஷன் ஆஸ்பத்திரின்னாலே நடுங்குவாரு. ஊசின்னா கட்டிலுக்கு அடியில பூந்துக்குவாரு. ஏழு வருஷமா இங்க கொண்டாந்து நிக்க வெச்சிருக்கோம், எனக்குத் தோணவே இல்ல பாரு." தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துத் தைலம்மாளின் கையில் வைத்தாள். "சக்கரைக்கு இது ஆவுமாம்மா?"

"டாக்டரக் கேக்கணும்" என்றாள் தைலம்மாள்.

கொளஞ்சியம்மாள் போன பிறகு சடையன் முக்காலியில் உட்கார்ந்தார். ஆறாம் கட்டில்காரி கூப்பிட்டாள். திருநாவலூர் பக்கத்துக்காரி, கர்ப்பப்பை எடுத்துவிட்டு இருபது நாளாகப் படுத்திருப்பவள். அவள் தலைமாட்டில்தான் கல்லூரி வயதுப் பெண் நின்றாள்.

"அண்ணே, இதையும் கழட்டிக் குடுண்ணே. எம் பொண்ணு வயசு அதுக்கு. கண்ண மூடுனா கனவுல வருது."

"எனக்குந்தான்" என்றாள் நாலாம் கட்டில். "எனக்கு" என்று சுவர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல்.

சடையனுக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது. இந்தத் தரம் அவர்கள் மேலேயே.

"இருவது நாளு கண்ண மூடாமயா கெடந்த? ஒரு வார்த்த கேக்க வாயில்ல? நாக்க அறுத்துட்டானுங்களா உங்களுக்கெல்லாம்?"

"ஓசிக் கட்டில்ல படுத்துக்கினு எப்படிண்ணே கேக்கறது?" என்றாள் அவள்.

சடையன் கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். இசைவாணி மருந்துத் தட்டோடு வந்தவள், பார்த்தாள், எதையோ மறந்தவள் மாதிரி திரும்பிப் போனாள். ஆறாம் கட்டிலில் இரண்டாவது திருகாணி சுற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் உள்ளே வந்தார். அவரும் பார்த்தார். ஒன்பதாம் கட்டிலுக்குப் போய்த் தைலம்மாளின் கால்மாட்டில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார்.

சடையன் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டி திருகாணியிலேயே நின்றது. கத்தரிக்கோல் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது, பஞ்சு நனைகிற மருந்து வாசனை வந்தது.

"செவப்பு எறங்கியிருக்கு" என்றார் டாக்டர் கடைசியில். "சுண்டுவிரல் போவும்மா, அது செத்துப்போச்சு. காலு நிக்கும்."

"கெழங்கு புடுங்க சுண்டுவிரல் எதுக்கு" என்றாள் தைலம்மாள்.

சடையன் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு கரண்டிக் காம்பைத் திருகாணியில் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார்.